அமெரிக்கத் தியேட்டரில் ஆபரேட்டர் வேலை: ஸ்பான்சர் சொல்லும் சம்பளம் சரிதானா என்று பார்ப்பது எப்படி

படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலைக்கு வந்த கடிதத்தில் "மாதம் 2,400 டாலர், குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,400-ஐ 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 28,800. அதை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 553.85 டாலர். வாரம் 35 மணி நேரம் வேலை என்றால் மணிக்கு 15.82. அதே பணத்துக்கு 50 மணி நேரம் புரொஜெக்டர் கேபினில் நின்றால் மணிக்கு 11.08தான். டெக்சஸில் இரண்டுமே மாநிலக் குறைந்தபட்சத்துக்கு மேல். கலிஃபோர்னியாவிலும் நியூயார்க் நகரத்திலும் இரண்டுமே சட்ட விரோதம். முதலாளி ஸ்பான்சர் செய்யும் விசாவில் வருகிறவருக்கோ டெக்சஸிலும் இது போதாமல் போகலாம். அவருக்கான கீழ் எல்லை குறைந்தபட்ச ஊதியம் மட்டுமல்ல, அதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது. அதை எங்கே தேடுவது, எப்படிக் கணக்கிடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் விசா எது என்று கேளுங்கள்

சம்பள விதி விசாவைப் பொறுத்தது. அதனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராமல் மேலே போகக் கூடாது.

"எச்-1பி வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அந்த விசா, குறிப்பிட்ட துறையில் பட்டப்படிப்பு கட்டாயமாகத் தேவைப்படும் வேலைகளுக்கானது. திரையிடும் வேலைக்கு அப்படி ஒரு பட்டம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே ஆபரேட்டர் என்ற பெயரில் போடும் மனு நிற்பது கடினம். இணையத்தில் "புரொஜெக்‌ஷனிஸ்ட் எச்-1பி சம்பளம்" என்று ஊர்வாரியாகப் பட்டியல்கள் கிடைக்கும். அவை அரசின் ஊதியத் தரவிலிருந்து எல்லா வேலைகளுக்கும் ஒரே அச்சில் எடுத்தவை. பட்டியலில் ஒரு வேலை இருப்பதால் அதற்கு அந்த விசா கிடைக்கும் என்று ஆகிவிடாது.

நடைமுறையில் மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று எச்-2பி: தற்காலிக வேலைக்கானது. கோடையில் மட்டும் இயங்கும் டிரைவ்-இன் தியேட்டர் (காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கு), ஆண்டில் சில வாரம் கூட்டம் பெருகும் திரைப்பட விழா போன்றவை இதில் வரலாம். ஆண்டு முழுக்க ஓடும் மல்டிபிளெக்ஸில் நிரந்தர ஆபரேட்டர் வேலைக்கு இது பொருந்தாது, ஏனென்றால் வேலை தற்காலிகமானது என்று முதலாளி காட்ட வேண்டும். ஆண்டுக்கு 66,000 என்ற உச்சவரம்பும் உண்டு, அரையாண்டுக்கு 33,000 வீதம். முன்பு எந்தெந்த நாட்டவர் வரலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. 2025 ஜனவரி 17 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று இபி-3: நிரந்தர வேலைக்கான கிரீன் கார்டு வழி. இதன் சம்பள விதி வேறு மாதிரி. அதைப் பின்னால் பார்ப்போம்.

நிலவும் ஊதியத்தைக் கண்டுபிடித்தல்

"பிரிவெய்லிங் வேஜ்" என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான்: குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட பகுதியில் நிலவும் ஊதியம். இதை முதலாளி தன் விருப்பப்படி எழுத முடியாது. எச்-2பி, இபி-3 இரண்டிலும் ஈடிஏ-9141 என்ற படிவத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு அனுப்பி, அவர்கள் நிர்ணயித்துத் தரும் தொகையைப் பெற வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குவதும், தொழிலாளர் துறையின் ஃபிளாக் தளத்தில் உள்ள ஊதியத் தேடலில் நீங்களே ஒருமுறை சரிபார்ப்பதும்தான்.

தேடும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வேலைக் குறியீடு, அதாவது ஒவ்வொரு தொழிலுக்கும் அரசு வைத்திருக்கும் எண். திரையரங்க ஆபரேட்டருக்கு 39-3021. ஒலி-ஒளிக் கருவி இயக்குநருக்கு 27-4011. கருவியைப் பொருத்திப் பழுதுபார்ப்பவருக்கு 49-2097. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. படத்தை சர்வரில் ஏற்றுவது, பிளேலிஸ்ட் அமைப்பது, கேடிஎம் சாவி (பூட்டிய டிஜிட்டல் படத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குத் திறந்துவிடும் கோப்பு) வேலை செய்கிறதா என்று பார்ப்பது, ஃபிளாட், ஸ்கோப் என்ற இரண்டு பட அகலங்களுக்கும் ஏற்ப லென்ஸ் மாற்றுவது, புரொஜெக்டரின் செனான் விளக்கை மாற்றுவது எல்லாம் ஆபரேட்டர் வேலை. புதிய புரொஜெக்டரைப் பொருத்துவது, சர்க்யூட் போர்டு பழுதுபார்ப்பது, பல தியேட்டர்களுக்குச் சென்று ஒலியை அளவீடு செய்வது என்று வேலை விவரம் நீண்டால், அது வேறு குறியீடு. அங்கே சம்பளமும் வேறு. குறைந்த சம்பளக் குறியீட்டில் மனுப் போட்டுவிட்டு அதிகச் சம்பள வேலையை வாங்குவது நிலவும் ஊதியத்தை ஏமாற்றும் பழைய வழி. ஆகவே வேலை விவரத்தை வரிக்கு வரி படியுங்கள்.

இரண்டாவது, இடம். ஊதியம் தியேட்டர் இருக்கும் பகுதிக்கு நிர்ணயிக்கப்படுவது, கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. ஆபரேட்டர் வேலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிஜிட்டல் வந்த பின் இந்தத் தொழிலில் ஆட்கள் மிகக் குறைந்துவிட்டார்கள். பல ஊர்களில் கணக்கெடுப்புக்குப் போதிய எண்ணிக்கையே இல்லை. அப்போது அண்டைப் பகுதிகளைச் சேர்த்து, அதுவும் போதாவிட்டால் மாநிலம் முழுவதற்கும், கடைசியாக நாடு முழுவதற்கும் எடுத்த எண்ணைக் கொடுப்பார்கள். தேடல் முடிவில் "ஜியோலெவல்" என்று 1 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் அந்தப் பகுதியின் தரவு, 4 என்றால் நாட்டின் தரவு. சின்ன ஊர் தியேட்டருக்கு எதிர்பாராத அளவு அதிக ஊதியம் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். "இந்த ஊரில் யாரும் இவ்வளவு தருவதில்லை" என்று முதலாளி சொன்னாலும், நிர்ணயித்த தொகைதான் தொகை.

மூன்றாவது, தேதி. தரவு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மாறும். ஜூன் மாதம் பார்த்த எண்ணை ஆகஸ்டில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி, எச்-2பி-க்கும் இபி-3-க்கும் உள்ள முக்கிய வித்தியாசம். எச்-2பி-யில் பொதுவாக அந்தப் பகுதியின் சராசரி ஊதியம் ஒன்றே அளவு. அனுபவமில்லாதவர் என்று சொல்லிக் குறைக்க முடியாது. இபி-3-யில் 1 முதல் 4 வரை ஊதியப் படிநிலைகள் உண்டு. படிநிலை உங்கள் திறமையைப் பார்த்துத் தருவதல்ல, வேலைக்கு முதலாளி கேட்கும் தகுதியைப் பார்த்துத் தருவது. கணக்கு 1-இல் தொடங்கும். அந்த வேலைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைவிட அதிக அனுபவம், அதிகப் படிப்பு, தனித்திறன், பிறரை மேற்பார்வையிடும் பொறுப்பு என்று கேட்டால் புள்ளிகள் கூடும், படிநிலையும் உயரும்.

இதில் தொழிலாளிக்கும் ஒரு தீர்மானம் இருக்கிறது. சம்பளத்தைக் குறைக்க முதலாளி தகுதியைக் குறைத்து எழுதுவார். இரண்டாண்டுக்குக் குறைவான அனுபவமோ பயிற்சியோ போதும் என்று எழுதிவிட்டால், மனு "பிற தொழிலாளர்" பிரிவில் விழும். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு 10,000-க்கு மேல் போகாது, வரிசை நீளம். முதல் படிநிலைச் சம்பளம் என்பது சில டாலர் குறைவு மட்டுமல்ல, கூடுதல் ஆண்டுகள் காத்திருப்பும் ஆகலாம்.

தியேட்டரில் தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் இந்தத் தேடலெல்லாம் பின்னுக்குப் போகும், ஒப்பந்தச் சம்பளமே நிலவும் ஊதியம். ஐயாட்சி (IATSE) என்ற மேடை, திரைத் தொழிலாளர் சங்கத்தில் ஆபரேட்டர்களுக்குத் தனிக் கிளைகள் உண்டு. நியூயார்க்கில் 306-ஆம் கிளை, லாஸ் ஏஞ்சலஸில் 150-ஆம் கிளை. தியேட்டர் ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்று நேரடியாக அவர்களிடமே கேட்கலாம்.

நான்கு எண்களை எழுதி, பெரியதை வட்டமிடுங்கள்

எச்-2பி-யில் முதலாளி தர வேண்டியது நான்கில் எது அதிகமோ அது: நிலவும் ஊதியம், கூட்டரசின் (அமெரிக்க மத்திய அரசின்) குறைந்தபட்சம், மாநிலக் குறைந்தபட்சம், நகரம் அல்லது கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவின்) குறைந்தபட்சம்.

கூட்டரசின் குறைந்தபட்சம் 2009 ஜூலை முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. 2026-இல் கலிஃபோர்னியாவில் 16.90, நியூயார்க் நகரம், லாங் ஐலண்ட், வெஸ்ட்செஸ்டரில் 17.00, நியூயார்க் மாநிலத்தின் மற்ற இடங்களில் 16.00, வாஷிங்டன் மாநிலத்தில் 17.13. அதே வாஷிங்டனில் சியாட்டில் நகரத்துக்குள் 21.30. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் தியேட்டருக்கும் உள்ளே இருக்கும் தியேட்டருக்கும் மணிக்கு நான்கு டாலருக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். எனவே தியேட்டரின் முகவரி எந்த நகராட்சிக்குள் வருகிறது என்பதை வரைபடத்தில் பாருங்கள். தபால் முகவரியில் ஊர்ப்பெயர் இருப்பது சாட்சியாகாது.

பல மாநிலங்களில் இந்தத் தொகை ஜனவரி 1 அன்று உயரும். வேலைக்காலத்தின் நடுவே உயர்ந்து, கடிதத்தில் உள்ள சம்பளத்தைத் தாண்டினால், அன்று முதல் புதிய தொகைதான்.

இன்னொரு குழி. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் கூட்டரசுச் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தே விலக்கு தருகிறது. "சீசன் தியேட்டர், எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று ஒரு டிரைவ்-இன் சொல்லக்கூடும். அந்த விலக்கு அவர்களுக்குப் பொருந்தினாலும் எச்-2பி-யில் ஒப்புக்கொண்ட சம்பளம் அப்படியே நிற்கும். அந்தக் கடமை விசா விதிமுறையிலிருந்து வருவது.

ஓவர்டைம்: இங்கே பலர் ஏமாறுகிறார்கள்

அமெரிக்காவில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது எல்லோரும் கேள்விப்பட்டது. ஆனால் திரையரங்கு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூட்டரசுச் சட்டம் இந்த ஓவர்டைமிலிருந்து விலக்கு வைத்திருக்கிறது. நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்தின் 13(பி)(27) பிரிவு அது. அதாவது வாரம் 50 மணி வேலை செய்தால், கூட்டரசுச் சட்டப்படி 50 மணிக்கும் சாதாரண வீதம் கிடைக்கும், பத்து மணிக்கு ஒன்றரை மடங்கு கிடைக்காது. பேரம் பேசும்போதே இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஆனால் மூன்று இடங்களில் இந்த விலக்கு உதவாது. மாநிலச் சட்டம் தனியாக ஓவர்டைம் தந்தால் அது தந்தாக வேண்டும். வேலை ஆணையில் (சம்பளமும் நிபந்தனைகளும் எழுதி முதலாளி அரசிடம் தாக்கல் செய்யும் ஆவணம்) ஓவர்டைம் வீதம் எழுதியிருந்தால் அதுவும் தந்தாக வேண்டும். வேலை செய்யும் நிறுவனம் திரையரங்கே இல்லையென்றால், உதாரணமாக அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், படத் தயாரிப்புக் கூடத்தின் திரையிடல் அறை, அங்கே இந்தப் பிரிவைக் காட்டி மறுப்பது கடினம்.

எது வேலை நேரம்?

மணிக்கணக்கில் திருட்டு நடப்பது காட்சி நேரத்தில் அல்ல, காட்சிக்கு முன்னும் பின்னும். காட்சி அட்டவணையை மட்டும் பார்த்து நேரம் எழுதும் தியேட்டரில் உங்கள் கணக்கைத் தனியாக வைத்திருங்கள்.

ஹார்டு டிஸ்க் வந்ததும் படத்தை ஏற்றுவது, ஏற்றிய பிரதியை ஓட்டிப் பார்ப்பது, கேடிஎம் எந்த நேரத்துக்குத் திறக்கிறது என்று சரிபார்ப்பது எல்லாம் வேலை நேரம். சாவி வரவில்லை என்று விநியோகஸ்தரின் பதிலுக்காகக் கேபினில் உட்கார்ந்திருப்பதும் வேலை நேரமே. நீங்கள் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது, வெளியே போக முடியாது. கடைசிக் காட்சி முடிந்தபின் செனான் விளக்கு குளிரும்வரை மின்விசிறி ஓடட்டும் என்று நிற்பதும் அப்படித்தான். ஒரே நாளில் ஒரு தியேட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சொன்னால் அந்தப் பயண நேரம் வேலை நேரம். வீட்டிலிருந்து தியேட்டருக்கு வருவது அல்ல.

சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 நிமிடம் வரையான சின்ன இடைவேளைக்குச் சம்பளம் உண்டு. அரை மணி நேரச் சாப்பாட்டு வேளைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அந்த அரை மணியில் வேலையிலிருந்து முழுமையாக விடுபட்டிருக்க வேண்டும். ஒரு கண் திரையிலும் ஒரு கண் தட்டிலுமாகக் கேபினுக்குள்ளேயே சாப்பிட்டால் அது விடுபட்ட நேரம் அல்ல. 35 எம்எம் ஓட்டும் இடத்தில் இது இன்னும் தெளிவு: இரண்டு புரொஜெக்டரில் மாற்றி மாற்றி ஓட்டினால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ரீல் மாற்ற வேண்டும், மூலையில் வரும் குறியைத் தவறவிடக் கூடாது. அங்கே முழு அரை மணி ஓய்வு என்பதே நடக்காது. சம்பளச் சீட்டில் தினமும் அரை மணி தானாகக் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, கேபினுக்குள் நுழைந்த நேரம், முதல் வேலை, வெளியேறிய நேரம், இடைவேளை. அன்றன்றைக்கே எழுதுங்கள். தியேட்டர் சர்வரிலும் லாக் இருக்கும், ஆனால் அது உங்கள் கையில் இல்லை.

முக்கால் பங்கு உத்தரவாதம்

எச்-2பி-யின் மிகப் பயனுள்ள விதி இது. டிரைவ்-இன் ஆபரேட்டர் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே மழை வந்தால் காட்சி இல்லை.

எச்-2பி வேலை முழுநேரமாக இருக்க வேண்டும், அதாவது வாரம் 35 மணிக்குக் குறையக் கூடாது. வேலைக்காலம் 120 நாளோ அதற்கு மேலோ என்றால், ஒவ்வொரு 12 வாரத்துக்கும் வாக்களித்த நேரத்தில் நான்கில் மூன்று பங்கு வேலை தர வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான பணத்தைத் தர வேண்டும். 120 நாளுக்குக் குறைவென்றால் 6 வாரத்துக்கு ஒருமுறை கணக்கு.

20 வார வேலை, வாரம் 35 மணி, மணிக்கு 19 டாலர் என்று வைப்போம். முதல் 12 வாரத்தில் வாக்களித்தது 420 மணி. முக்கால் பங்கு 315. மழையாலும் கூட்டக் குறைவாலும் 280 மணிதான் வேலை கிடைத்தது என்றால், மீதி 35 மணிக்கு 665 டாலர் பாக்கி. மிஞ்சும் 8 வாரத்துக்கு 280 மணியில் 210 மணி உத்தரவாதம். முதல் கட்டத்தில் குறைந்ததை இரண்டாம் கட்டத்தில் அதிகம் வேலை கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. "மழைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்ற கேள்விக்கும் விதியில் பதில் உண்டு. தீ, புயல் போன்ற பேரிடரால் வேலையே நடத்த முடியாமல் போய், தொழிலாளர் துறை அதிகாரி அதை ஏற்றுக்கொண்டால்தான் உத்தரவாதம் பாதியில் முடியும். சாதாரண மழை இரவுகள் அதில் சேராது.

பிடித்தங்களும் செலவுகளும்

வாக்களித்த சம்பளம் முழுதாகக் கையில் வந்து சேர வேண்டும். வரி போன்ற சட்டப் பிடித்தம் தவிர வேறு எதைக் கழித்தாலும் அது வேலை ஆணையில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய கருவிகள் இலவசம். செனான் விளக்கு உள்ளே அழுத்தத்தோடு இருப்பது, கையில் வெடித்தால் கண்ணாடித் துண்டுகள் பாயும். அதை மாற்ற முகக் கவசமும் தடித்த கையுறையும் கவச அங்கியும் வேண்டும். அவற்றுக்கு உங்களிடம் பணம் பிடிக்கக் கூடாது.

விசாக் கட்டணத்தையும் அது சார்ந்த அரசுக் கட்டணங்களையும் முதல் வேலை வாரத்திலேயே முதலாளி திருப்பித் தர வேண்டும். பாஸ்போர்ட் செலவு உங்களுடையது. வரும் பயணச் செலவு, முன்பே தரப்படாவிட்டால், வேலைக்காலத்தில் பாதி முடிந்ததும் திரும்பக் கிடைக்க வேண்டும். கடைசிவரை வேலை செய்தாலோ, முதலாளி முன்கூட்டியே அனுப்பிவிட்டாலோ, திரும்பும் செலவும் அவருடையது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வேலை வாங்கித் தருவதற்கென்று முதலாளியோ அவருடைய ஏஜென்ட்டோ உங்களிடம் பணம் வாங்கத் தடை இருக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏஜென்ட் "பிராசசிங்" என்று லட்சக்கணக்கில் கேட்டால், அந்தப் பணம் உங்கள் விசாவுக்கே வினையாகலாம்: கட்டணம் வாங்கியது தெரிந்தால் மனுவே நிராகரிக்கப்படலாம்.

வேலை ஆணையின் நகலை, நீங்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரத்துக்குள், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தரவில்லையென்றால் தொழிலாளர் துறையின் சீசனல்ஜாப்ஸ் தளத்தில் முதலாளியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், எச்-2பி வேலை ஆணைகள் அங்கே பொதுவில் இருக்கும். ஏஜென்ட் காட்டும் கடிதத்தில் மணிக்கு 14, ஆணையில் 19 என்றிருந்தால், செல்லுபடியாவது ஆணைதான்.

இபி-3 என்றால் முதலாளியின் கணக்கைப் பாருங்கள்

இங்கே நிலவும் ஊதியத்தில் நூறு சதவீதம் தர வேண்டும், ஆனால் அந்தக் கடமை கிரீன் கார்டு கிடைத்து வேலையில் சேர்ந்த பின்தான் தொடங்கும். இருந்தும் மனு தோற்பது சம்பள விஷயத்தில்தான். 9089 படிவம் (இந்த வேலைக்காக முதலாளி தொழிலாளர் துறையிடம் தரும் விண்ணப்பம்) தாக்கலான நாளிலிருந்து கிரீன் கார்டு வரும்வரை, அந்தச் சம்பளத்தைத் தரும் சக்தி தனக்கு இருக்கிறது என்று முதலாளி ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வரிக் கணக்கில் நிகர லாபம் அந்தத் தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது நிகர நடப்புச் சொத்து (நடப்புச் சொத்தில் நடப்புக் கடனைக் கழித்த மீதி) அந்த அளவு இருக்க வேண்டும், அல்லது அந்தச் சம்பளத்தை உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றைத் திரைத் தியேட்டர்கள் தடுமாறுவது இங்கேதான். ஓராண்டு நட்டக் கணக்கு காட்டியிருந்தால் மனு அங்கேயே நின்றுவிடலாம். முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. 9089-க்கான வழக்கறிஞர் கட்டணமும் ஆள் தேடும் விளம்பரச் செலவும் முதலாளியுடையவை, உங்கள் தலையில் கட்டக் கூடாது.

சம்பளம் குறைந்தால்

எச்-2பி-யில் சம்பளச் சீட்டு உங்கள் உரிமை: மணிக்கணக்கு, வீதம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது சம்பளம் வர வேண்டும். முதல் சீட்டு வந்த அன்றே உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலாளிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

சரியாகவில்லையென்றால் தொழிலாளர் துறையின் ஊதிய-நேரப் பிரிவுக்கு 1-866-487-9243 என்ற இலவச எண்ணில் பேசலாம். உங்கள் விசா நிலையைப் பாராமல் புகாரை எடுத்துக்கொள்வார்கள், புகார் செய்தவரின் பெயரை ரகசியமாக வைப்பார்கள். புகாருக்காக முதலாளி பழிவாங்குவது தனிக் குற்றம். கூட்டரசுக் குறைந்தபட்ச ஊதியப் பாக்கிக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று. பேசும்போது கையில் இருக்க வேண்டியவை: வேலை ஆணை, சம்பளச் சீட்டுகள், ரசீதுகள், அன்றன்றைக்கு எழுதிய அந்த நோட்டு.